பனிக்காகக் காத்திருந்த விவசாயி வில்சன் பென்ட்லி

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஜொகூரில் சில நாள்கள் வெயிலே தெரியாது. வட ஆசியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று தென்சீனக் கடலைக் கடந்து நம் கிழக்குக் கரையைத் தொடும். மெர்சிங்கில் தொடங்கும் மழை குளுவாங், கோத்தா திங்கி, ஜொகூர் பாரு என்று பரவும். பகலிலும் வெப்பநிலை 23, 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடும் அந்த நாள்களில், வானிலையில் ஆர்வமுள்ள மாணவர்கள் கைப்பேசியில் டிகிரிக் கணக்கைப் பார்த்துப் பார்த்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கினால் பனியே கொட்டிவிடும் என்று யாராவது ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு.

அந்த வேடிக்கைக்குள் ஓர் உண்மையான ஆசை இருக்கிறது. பனி பொழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அது. வெப்ப நாட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அந்த ஆசை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுதோறும் மீட்டர் கணக்கில் பனி கொட்டும் ஊரில் பிறந்த ஒருவர், இன்று நல்ல பனி விழாதா என்று ஏறக்குறைய 47 குளிர்காலங்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவர் விஞ்ஞானி என்று பட்டம் பெற்றவர் அல்லர். பால் மாடு வளர்த்த விவசாயி. அவர் பெயர் வில்சன் பென்ட்லி.

கதைக்குள் போகும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். தமிழில் பனி என்றால் பல பொருள். புல்லின் மேல் துளியாக நிற்பதும் பனி. மார்கழிக் காலையில் புகைபோலப் படர்வதும் பனி. குளிர்நாடுகளில் வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்த நம் முன்னோர் சமவெளியில் கண்டது முதல் இரண்டை மட்டுமே. இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. மேகத்திலுள்ள நீராவி, திரவ நீராக மாறாமல் நேரடியாகப் பனிக்கட்டியாக உறைந்து வளரும்போது உண்டாகும் சிறு படிகம் அது. அதைப் பனிப்படிகம் என்போம்.

தாய் தந்த நுண்ணோக்கி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்ற சிறிய மாநிலம் இருக்கிறது. அங்கே மலையடிவாரத்தில் உள்ள ஜெரிக்கோ என்னும் கிராமத்தில் 1865 பிப்ரவரி 9ஆம் நாள் வில்சன் பென்ட்லி பிறந்தார். குடும்பத் தொழில் பால் பண்ணை. விடியுமுன் மாடு கறக்க வேண்டும், வைக்கோல் போட வேண்டும், விறகு வெட்ட வேண்டும். தந்தைக்கும் அண்ணன் சார்லஸுக்கும் வாழ்க்கை அதுவே.

தாய் பேனி திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வில்சனுக்கு 14 வயது ஆகும்வரை பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் இருந்த கலைக்களஞ்சியத் தொகுதிகள் முழுவதையும் அந்தச் சிறுவன் படித்து முடித்தான். ஊர்ப் பிள்ளைகள் பனியை உருட்டி எறிந்து விளையாடிக் கொண்டிருந்தபோது, அவன் இலை, இறகு, பனித்துளி என்று சிறு பொருள்களை வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தான்.

அவனுக்கு 15 வயதானபோது தாய் ஒரு பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தார். அதில் அவன் வைத்துப் பார்த்தவற்றுள் ஒன்று பனிப்படிகம். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தூளாகத் தெரிந்தது, நுண்ணோக்கியில் ஆறு கரங்கள் கொண்ட கோலமாகத் தெரிந்தது. ஒவ்வொரு கரத்திலும் கிளை, கிளைக்குள் கிளை. அடுத்த படிகம் இன்னொரு கோலம். அன்று பிடித்த ஆர்வம் அவரை உயிருள்ளவரை விடவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கோலத்தைப் பார்த்துத் தாளில் வரைவதற்குள் படிகம் உருகிவிடும். உருகியது உருகியதுதான்; அந்த வடிவத்தைப் பார்த்தவர் உலகில் அவர் ஒருவர் மட்டுமே, அதற்குச் சான்றும் இல்லை. அடுத்தடுத்த குளிர்காலங்களில் அவர் நிறைய வரைந்து பார்த்தார். எதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை. இதற்குப் புகைப்படம் ஒன்றே வழி என்ற முடிவுக்கு வந்தார்.

முதல் படம்

அப்போது புகைப்படக் கருவி சாதாரணப் பொருள் அன்று. நுண்ணோக்கியோடு பொருத்தக்கூடிய துருத்திக் கருவிக்கு ஏறக்குறைய 100 டாலர் தேவைப்பட்டது. பாலை விற்று வாழும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. பனியைப் படமெடுப்பது வெட்டிவேலை என்றே தந்தை கருதினார். தாய் மகனுக்காகப் பேசினார். கடைசியில் கருவி வாங்கப்பட்டது. தந்தைக்கு அந்த வேலையில் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் பணம் கொடுத்தார்.

கருவி வந்த உடனே படமும் வந்துவிடவில்லை. யாரிடமும் பயிற்சி பெறாத இளைஞர் அவர். வெளிச்சம் போதவில்லை, உருவம் மங்கியது, படிகம் உருகியது. ஒரு குளிர்காலம் வீணாகிப் போனால் அடுத்த குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டும். தோல்விமேல் தோல்விக்குப் பிறகு 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனிப்பொழிவின்போது முதல் தெளிவான படம் கிடைத்தது. அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. நுண்ணோக்கி வழியாகத் தனியொரு பனிப்படிகத்தை வெற்றிகரமாகப் படமெடுத்த முன்னோடி என்ற பெயர் அந்த நாளால் அவருக்குக் கிடைத்தது.

அவருடைய செய்முறையைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. வீட்டின் பின்புறம் குளிர் காய வசதியில்லாத ஒரு கொட்டகைதான் ஆய்வுக்கூடம். உள்ளே சூடு இருந்தால் படிகம் உருகும். எனவே வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு குளிர். பனி விழும்போது கறுப்புப் பலகை ஒன்றை வெளியே நீட்டுவார். விழுந்த படிகங்களைப் பார்த்து, உடைந்தவற்றை இறகால் தள்ளிவிடுவார். நல்லது ஒன்று கிடைத்தால், மெல்லிய குச்சியின் நுனியால் தொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இறகால் மெதுவாக அழுத்திப் படியவைப்பார். இவ்வளவையும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும். மூச்சுக்காற்று பட்டால் போதும், படிகம் போய்விடும். பிறகு கருவியைச் சன்னல் பக்கம் திருப்பி, வானத்து வெளிச்சம் படிகத்தின் ஊடாக வரும்படி வைத்துப் படமெடுப்பார். ஒரு படத்துக்குப் பல நொடிகள், சிலவேளை ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஒளி விழ வேண்டும்.

எந்தப் பனி நல்ல பனி?

பனி கொட்டும் ஊரில் இருப்பவர் பனிக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். எல்லாப் பனியும் அவருக்கு உதவாது என்பதே காரணம். காற்று பலமாக வீசினால் படிகங்கள் ஒன்றோடொன்று மோதி உடையும். குளிர் போதாவிட்டால் படிகங்கள் ஒட்டிக்கொண்டு கொத்தாக விழும், அல்லது மேகத்துளிகள் மேலே உறைந்து உருண்டையாகிவிடும். குளிர் காலத்தில் இடையிடையே வெப்பக் காற்று வந்தால் பனி மழையாக மாறிவிடும். அமைதியான காற்று, சரியான குளிர், சரியான மேகம் மூன்றும் பகல் வெளிச்சத்தில் ஒன்றுசேர வேண்டும்.

அப்படிப்பட்ட பனிப்பொழிவு ஒரு குளிர்காலத்தில் சில தடவைகள் மட்டுமே வரும். வாழ்நாள் முழுவதும் அவர் எடுத்த பனிப்படிகப் படங்கள் 5,000க்குச் சற்று அதிகம். அந்த எண் பெரியதாகத் தோன்றலாம். 47 குளிர்காலங்களுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு குளிர்காலத்துக்கு நூற்றுப் பத்து அளவில்தான் வரும். நல்ல பனி வரும் நேரத்தில் அவர் வயலிலோ மாட்டுக் கொட்டிலிலோ இருந்தால், கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். வராவிட்டால் அந்த வடிவங்கள் என்றைக்கும் திரும்பக் கிடைக்காது.

இந்தக் காத்திருப்பு அவரை வானிலை அறிஞர் ஆக்கியது. பனி எப்போது வரும் என்று அறிய ஆசைப்பட்டவர் வெப்பநிலை, காற்றுத் திசை, மேகத்தின் வகை ஆகியவற்றை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதினார். ஆண்டுக்கணக்கில் எழுதியதைப் புரட்டிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. புயலின் எந்தப் பகுதி தலைக்கு மேல் இருக்கிறது, அப்போது எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்து விழும் படிகத்தின் வகை மாறுகிறது என்று அவர் கண்டார். புயலின் மேற்கு, வடமேற்குப் பகுதிகளிலிருந்தே அழகான படிகங்கள் அதிகம் கிடைத்தன. படிகத்தின் உருவத்தைப் பார்த்து, அது கடந்துவந்த மேகத்தின் நிலையை அறியலாம் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று.

ஊர் சொன்னதும் உலகம் சொன்னதும்

ஊரார் அவரை விநோதமான மனிதராகவே பார்த்தனர். கொட்டிக் கிடக்கும் பொருளைப் படமெடுக்க ஒருவர் பணம் செலவழிப்பது அவர்களுக்குப் புரியவில்லை. ஏறக்குறைய 13 ஆண்டுகள் அவருடைய வேலை வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. பிறகு வெர்மான்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பெர்கின்ஸ் அந்தப் படங்களின் மதிப்பை உணர்ந்து ஊக்கம் கொடுத்தார். இருவர் பெயரிலும் 1898இல் முதல் கட்டுரை ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க வானிலைத் துறையின் மாத இதழில் பென்ட்லியின் விரிவான கட்டுரைகள் இடம்பெற்றன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு 1903இல் 500 படங்களை அனுப்பி வைத்தார். தமக்கு ஏதும் நேர்ந்தாலும் படங்கள் அழியக் கூடாது என்பதே அவர் கவலை. பள்ளிகளும் கல்லூரிகளும் கேட்டபோது படத்தகடு ஒன்றை 5 காசுக்குக் கொடுத்தார். செலவுகூட அதில் திரும்பவில்லை.

புகழோடு ஒரு குற்றச்சாட்டும் வந்தது. ஜெர்மனியின் வானிலை அறிஞர் குஸ்தாவ் ஹெல்மன் பனிப்படிகங்களைப் பற்றி 1893இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதற்குப் படமெடுத்தவர் ரிச்சர்ட் நோய்ஹாஸ். அவர்கள் கண்ட படிகங்களில் பெரும்பாலானவை கோணலும் குறையும் உள்ளவை. பென்ட்லியின் படங்களோ குறையே இல்லாத கோலங்கள். அவர் படங்களைத் திருத்துகிறார் என்று ஜெர்மானியர் ஐயம் எழுப்பினர்.

அந்த ஐயத்தில் பாதி உண்மை இருந்தது. பனிப்படிகம் வெண்மையாகவும் பின்னணி கறுப்பாகவும் தெரிய வேண்டும் என்பதற்காக, பென்ட்லி படத்தகட்டின் நகல் ஒன்றை எடுத்து, படிகத்தைச் சுற்றியுள்ள பூச்சைக் கத்தியால் சுரண்டி நீக்குவார். ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஆகும் வேலை அது. படிகத்தின் உருவத்தை மாற்றவில்லை, பின்னணியை மட்டும் நீக்கினேன் என்பது அவர் நிலை. மூலத் தகடுகளையும் அவர் பாதுகாத்து வைத்திருந்தார். எனினும் இன்னொரு கேள்வி நிற்கிறது. பலகையில் விழும் நூற்றுக்கணக்கான படிகங்களில் அழகானதை மட்டுமே அவர் தேர்ந்தெடுத்தார். எனவே அவருடைய படத்தொகுப்பைப் பார்த்து, பனி எல்லாம் இப்படித்தான் விழும் என்று முடிவு செய்தால் அது தவறாகும். குறையுள்ளவையே இயற்கையில் அதிகம். அறிவியல் படிக்கும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவர் காட்டும் சான்று உண்மையானதா என்று கேட்பது ஒரு கேள்வி; எதை எடுத்துக்கொண்டு எதை விட்டார் என்று கேட்பது இன்னொரு கேள்வி. இரண்டும் வேண்டும்.

மாவில் விழுந்த மழை

பென்ட்லியின் வாழ்க்கையில் நமக்கு மிக நெருக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. பனி இல்லாத மாதங்களில் அவர் என்ன செய்தார்? மழையை ஆராய்ந்தார். 1898 முதல் 1904 வரை, மழைத்துளி எவ்வளவு பெரியது என்று அளக்க ஓர் எளிய வழியைக் கையாண்டார். ஆழம் குறைந்த தகரத் தட்டில் சலித்த கோதுமை மாவை ஓர் அங்குலத் தடிமனில் பரப்பி, மழையில் சில நொடிகள் மட்டும் நீட்டுவார். விழும் ஒவ்வொரு துளியும் மாவோடு சேர்ந்து ஒரு சிறு உருண்டையாகும். அது காய்ந்ததும் எடுத்து அளப்பார். துளியின் அளவும் உருண்டையின் அளவும் ஒத்துப்போகின்றனவா என்பதை, அளவு தெரிந்த நீர்த்துளிகளை மாவில் விட்டு முன்பே சரிபார்த்துக்கொண்டார்.

இவ்வாறு 70 மழைகளில் 344 முறை அளந்தார். பெரிய துளிகள் ஏறக்குறைய கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் விட்டம் வரை இருந்தன. இடிமழையின் துளிகளுக்கும் மந்தமான நீண்ட மழையின் துளிகளுக்கும் வேறுபாடு இருப்பதைக் கண்டார். அதைவிட முக்கியமாக, மழை இரண்டு வழிகளில் பிறக்கலாம் என்று எழுதினார். சில மழை மேகத்தில் நீர்த்துளியாகவே பிறந்து நீர்த்துளியாகவே விழுகிறது. மற்றது உயரத்தில் பனியாகப் பிறந்து, வரும் வழியில் உருகி மழையாகிறது. பட்டம் இல்லாத ஒரு விவசாயி மாவுத் தட்டையும் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு 1904இல் சொன்ன கருத்து இது. மேகத்தில் உள்ள பனிப்படிகங்கள் மழையை எப்படி உண்டாக்குகின்றன என்ற கொள்கையை நார்வே, சுவீடன் நாடுகளில் பணியாற்றிய டோர் பெர்ஜெரான் விரிவாக முன்வைத்தது 1930களில்தான்.

பென்ட்லியின் மழைத்துளி ஆய்வை அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு, மண் அரிப்பைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் அதே மாவு முறையைப் பயன்படுத்தி மழைத்துளிகளை அளந்து 1943இல் வெளியிட்டார்கள்.

ஜொகூரின் மேல் விழும் பனி

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. பருவக்காற்று எவ்வளவு குளிராகப் புறப்பட்டாலும், வெதுவெதுப்பான தென்சீனக் கடலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும்போது கடல் அதைச் சூடாக்கிவிடும், ஈரத்தையும் ஏற்றிவிடும். அதனால்தான் அந்தக் காற்று நமக்குப் பனியைத் தராமல் வெள்ளத்தைத் தருகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட், கோத்தா திங்கி ஊர்களை மூழ்கடித்த மழை இத்தகைய பருவத்தில் பெய்ததுதான். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவானது. அங்கேயே உறைநிலையைத் தொடவில்லை என்றால், கடல் மட்டத்தில் உள்ள நமக்குப் பனிப்பொழிவு நடக்காத காரியம்.

ஆனால் மேலே போகப் போகக் கதை மாறும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் வெப்பநிலை குறைகிறது. ஜொகூரின் உயரமான குனோங் லேடாங் சிகரம் 1,276 மீட்டர். அங்கே அடிவாரத்தைவிட ஏறக்குறைய 8 டிகிரி குளிராக இருக்கும். சபாவின் கினபாலு சிகரம் 4,095 மீட்டர். அதன் உச்சிப் பாறைகளில் சில இரவுகளில் நீர் உறைந்து கிடக்கும். நம் நாட்டின் மேல் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும். மாலையில் இடியோடு எழும் மேகமோ 10 கிலோமீட்டரையும் தாண்டி நிற்கும். அதன் மேல்பாதி முழுவதும் உறைநிலைக்குக் கீழே. அங்கே பனிப்படிகங்கள் பிறக்கின்றன, வளர்கின்றன, விழுகின்றன. உறைநிலைக் கோட்டைத் தாண்டிக் கீழே வந்ததும் சில நூறு மீட்டருக்குள் உருகி மழைத்துளியாகிவிடுகின்றன. பனி உருகும் அந்த உயரத்தை வானிலை ரேடார் கருவிகள் பளிச்சென்ற பட்டையாகவே காட்டுகின்றன.

ஆகவே ஜொகூரில் பனி பொழியுமா என்று கேட்பவருக்குச் சரியான பதில் இதுதான்: பொழிகிறது, தரைக்கு வருவதில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் உங்கள் குடைமேல் சடசடவென்று விழும் பெருந்துளிகளில் பல, சில நிமிடங்களுக்கு முன் உங்கள் தலைக்கு மேல் பனியாக இருந்தவை. பென்ட்லி மாவுத் தட்டில் பிடித்ததும் அதைத்தான்.

கடைசிக் குளிர்காலம்

ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கீகாரம் வந்தது. அமெரிக்க வானிலைக் கழகம் 1920இல் அவரை மதிப்புறு உறுப்பினர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. 1924இல் அதே கழகம் அவருக்கு ஆராய்ச்சிக்காக 25 டாலர் வழங்கியது. 40 ஆண்டு உழைப்புக்குப் பிறகு கிடைத்த அந்த உதவித்தொகை சிறியதுதான். இருந்தாலும் ஊர் வெட்டிவேலை என்று ஒதுக்கியதை ஓர் அறிவியல் அமைப்பு ஆராய்ச்சி என்று ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பமும் அவரும் ஒரே பண்ணை வீட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். பகலில் பண்ணை வேலை, மாலையில் பியானோ, பனி வந்தால் கொட்டகை. வாழ்க்கை இவ்வளவுதான்.

அமெரிக்க வானிலைத் துறையின் இயற்பியலாளர் வில்லியம் ஹம்ப்ரீஸ் அந்தப் படங்களை நூலாக்க முன்வந்தார். 2,400க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அந்த நூல் 1931 நவம்பரில் வெளிவந்தது. பனிப்படிகங்கள் என்பதே அதன் தலைப்பு. அடுத்த மாதத் தொடக்கத்தில் பென்ட்லி பனிப்புயலில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நடந்து வீடு திரும்பினார். உடல் நனைந்து குளிர்ந்தது. நிமோனியா காய்ச்சல் கண்டது. 1931 டிசம்பர் 23 அன்று, தாம் பிறந்து வளர்ந்த அதே பண்ணையில் 66ஆம் வயதில் காலமானார். எந்தப் பனிக்காகக் காத்திருந்தாரோ அதுவே அவருக்கு எமனாகவும் வந்தது. ஆனால் நூல் கைக்கு வந்துவிட்டது. வாழ்நாள் உழைப்பு அழியாமல் நின்றது.

நூல் கடல் கடந்து ஜப்பானுக்குப் போனது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்த நாகாயா உகிச்சிரோ என்ற இயற்பியலாளர் அந்தப் படங்களால் ஈர்க்கப்பட்டார். பனிப்படிகம் ஏன் இந்த உருவம் எடுக்கிறது என்று அறிய, ஆய்வுக்கூடத்திலேயே பனியை வளர்க்க முயன்றார். 1936இல் முயல் முடியின் நுனியில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கிக் காட்டினார். வெப்பநிலையும் ஈரமும் மாறும்போது உருவம் மாறுகிறது என்பதை அவர் அளந்து நிறுவினார். பூச்சியத்துக்குக் கீழே 5 டிகிரியை ஒட்டி ஊசிபோன்ற படிகங்களும், 15 டிகிரியை ஒட்டி ஆறு கர நட்சத்திரங்களும் வளர்கின்றன. படிகம் மேகத்தின் நிலையைச் சொல்லும் என்று பென்ட்லி ஊகித்தது சரியே என்று அதனால் தெளிவாயிற்று. எல்லாவற்றுக்கும் ஆறு பக்கம் இருப்பதற்குக் காரணம், நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவது. ஏன் ஆறு என்ற அந்தக் கேள்வியை வானியலாளர் கெப்ளர் 1611இலேயே கேட்டு ஒரு சிறுநூல் எழுதியிருந்தார்.

இரண்டு பனிப்படிகங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை என்ற புகழ்பெற்ற கருத்தும் பென்ட்லியின் படங்களால் பரவியதே. 1988இல் அமெரிக்க ஆய்வாளர் நான்சி நைட், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு படிகங்களைக் கண்டார். அவை கரங்கள் விரியாத எளிய வடிவம் கொண்டவை. நிறைய கிளைவிட்ட படிகங்களைப் பொறுத்தவரை பென்ட்லியின் கருத்து இன்றும் நிற்கிறது. ஒவ்வொன்றும் மேகத்துக்குள் தனக்கென ஒரு பாதையில் வருவதே காரணம்.

நாம் செய்யக்கூடியது

பென்ட்லி தம் ஊரில் கிடைத்ததை ஆராய்ந்தார். குளிர்காலத்தில் பனி, கோடையில் மழை, இடையில் துளிப்பனி. நமக்கு வாய்த்திருப்பது மழை. அதுவும் ஆண்டு முழுவதும். ஒரு தட்டு, சலித்த மாவு, அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் ஜொகூரில் உள்ள எந்த மாணவரும் அவருடைய மழைத்துளி ஆய்வைத் திரும்பச் செய்யலாம். பிற்பகல் இடிமழையில் ஒருமுறை, பருவமழையின் நீண்ட தூறலில் ஒருமுறை என்று இரண்டு வாரம் அளந்து பாருங்கள். தேதி, நேரம், காற்று, வெப்பநிலை நான்கையும் தவறாமல் குறித்து வையுங்கள். இடி இடிக்கும்போது திறந்த வெளியில் நிற்க வேண்டாம். கூரையின் கீழிருந்து தட்டை மட்டும் நீட்டினால் போதும். பள்ளி அறிவியல் கழகம் சேர்ந்து செய்தால், மாசாயிலும் மூவாரிலும் ஒரே நாளில் பெய்த மழையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்த பருவமழையில் வெப்பநிலை இறங்கும்போது கைப்பேசியைப் பார்த்து நண்பர்களுக்குச் செய்தி அனுப்புங்கள், அதில் தவறில்லை. கூடவே அந்த எண்ணை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். ஒரு நாளின் எண் பேச்சுக்கு உதவும். பத்து ஆண்டுகளின் எண்கள் ஆராய்ச்சிக்கு உதவும்.